பகலில் தூங்க ஒரு வீடு

ஸ்ரீபெரும்புதூரில் பழைய வீடு ஒன்று சரிந்து விழுந்தால், "நூறு வருஷத்து வீடு, இத்தனை நாள் நின்னதே பெரிசு" என்று தெருவில் சொல்வார்கள். வயதாகி விழுந்த வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒழுகி விழுந்த வீடு உண்டு. பங்காளித் தகராறில் பூட்டிக் கிடந்து விழுந்த வீடு உண்டு. உத்திரத்தையும் தூணையும் பிடுங்கிப் பழைய மரக்கடைக்கு விற்றதால் உட்கார்ந்த வீடு உண்டு. நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசிக் கெடுத்த வீடுகள் இவை எல்லாவற்றையும்விட அதிகம். காரணம் எதுவானாலும் கடைசியில் சுவரைக் கரைப்பது தண்ணீர்தான். அதனால் எந்த வீட்டைப் பழுதுபார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான். எப்போது கட்டினார்கள், யார் கட்டினார்கள் என்பதெல்லாம் பிறகு.

இந்தப் புத்தி எனக்கு வந்த இடம் வேறு. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, ஒரகடம் பக்கம் தொழிற்சாலை ஷெட் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். ஏக்கர் கணக்கில் விரியும் தகரக் கூரை அது. அதில் விழும் மழையை எந்தச் சரிவில் இறக்குவது, எந்த கட்டரில் சேர்ப்பது, எத்தனை குழாய் வைத்து வெளியேற்றுவது என்ற கணக்கு தப்பினால் உள்ளே இருக்கும் இயந்திரம் போச்சு. மூன்று சென்ட் மனையில் நிற்கும் ஓட்டு வீட்டுக்கும் கணக்கு அதேதான். ஷெட்டுக்கு அதை எஞ்சினியர் தாளில் போட்டார். வீட்டுக்கு, கட்டிய கொத்தனார் சுவரிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அப்படி வாசிக்கத் தகுந்த வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் சித்திரைத் திருவாதிரைக்கு வெளியூர்க் கூட்டம் குவியும். அதற்கு முன்னால் முகப்புக்கு மட்டும் ஒரு கை வெள்ளை ஏறும். உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ரயில் பெட்டி வரிசையில் நீளும். தெருவிலிருந்து கொல்லைவரை ஒரே நேர்க்கோட்டில் வாசற்படிகள். காற்று அந்தக் கோட்டில் ஓடும். முற்றத்தில் விழுந்த மழை ஜலதாரை வழியாக, தரைக்கு அடியில், அதே கோட்டில் தெருவுக்கோ கொல்லைக்கோ போய்விடும். மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்து விவசாயி வீடுகள் அமைப்பில் வேறு மாதிரி. முன்னால் தாழ்வாரம், பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, உள்ளே நெல் கொட்ட ஓர் இருட்டு அறை. ஆனால் தண்ணீருக்கு வழி சொல்லாமல் கட்டிய வீடு அங்கும் கிடையாது.

அந்த வழி எப்போது அடைபட ஆரம்பித்தது என்பதை இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட வருஷம் போட்டுச் சொல்லலாம். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் கார் வெளியே வர ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012-ல் டெய்ம்லர், அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு ஆலைக்கும் பின்னால் ஆயிரக்கணக்கில் பையன்களும் பெண்களும் பையோடு வந்து இறங்கினார்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எல்லோருக்கும் ஒரு பாய் விரிக்க இடம் வேண்டும். வயல் வைத்திருந்தவர்கள் லைன் வீடு கட்டினார்கள். ஊருக்குள் பழைய வீடு வைத்திருந்தவர்கள் அதைப் போர்ஷன் போர்ஷனாக வெட்டினார்கள். கூடத்தின் நடுவில் நாலரை அங்குலச் சுவர் ஒன்று. முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட். முற்றத்துக்குள்ளேயே ஒரு கக்கூஸ். ஜலதாரையில் அந்தக் கழிவுக் குழாயைச் சொருகிவிட்டு மேலே சிமென்ட். வாடகை தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. தலை கூடக் கூட வருமானம், வருமானம் கூடக் கூடச் சுவர்.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது அந்தக் கணக்கும் உடைந்தது. டு-லெட் போர்டுகள் தெருவில் வரிசையாகத் தொங்கின. ஆள் இருந்தவரை ஒழுகினால் யாராவது சத்தமாவது போடுவார்கள். ஆள் போன பிறகு ஒழுகியதைக் கேட்க ஆளில்லை. அடுத்த வருஷக் கார்த்திகை மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்ததைப் பற்றி சென்னை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த ஏரிக்கு மேற்கே இருக்கும் எங்கள் பக்கத்தில், பூட்டிய வீடுகளுக்குள் நடந்ததை எந்தப் பேப்பரும் எழுதவில்லை. ஃபைபர் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கிய தண்ணீர், அடைபட்ட ஜலதாரையில் போக வழியில்லாமல் கூடத்தில் நின்று, மண் சாந்து வைத்துக் கட்டிய சுவரை அடியிலிருந்து ஊறவைத்தது. அந்த வீடுகள் அப்போது விழவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து, நல்ல வெயில் காலத்தில் விழுந்தன.

பூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பங்கு. தாத்தா பெயரில் வீடு, அப்பாவுக்கு நாலு பேர் கூடப் பிறந்தவர்கள், அவர்களுக்குப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு. அது நியாயம், ரொம்ப வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய நியாயம். ஆனால் பங்கு வந்த அத்தைகளையும் சித்திகளையும் கேட்காமல் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்த ஆண்கள், இப்போது அவர்களிடம் கையெழுத்துக்குப் போக வெட்கப்பட்டு, பூட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் தெருக்களில் சில வீடுகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், மேலே நிற்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு. அதை வைத்து எந்த வங்கியும் லேசில் கடன் தராது. ஆகவே என் பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு இவற்றோடு வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று நகல்களும் கிடக்கும். கொத்தனார் வேலையைவிட கையெழுத்து வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

சரி, கையெழுத்து எல்லாம் ஆகிவிட்டது, சாவி கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போனதும் செய்கிற வேலை, இடிப்பது. பழசை அல்ல, பழசின் மேல் ஏறியதை. நடுச்சுவர், ஷீட், முற்றத்துக் கக்கூஸ் எல்லாம் வெளியே போகும். அடுத்தது சிமென்ட் பூச்சு. இங்கேதான் வீட்டுக்காரருக்கும் எனக்கும் முதல் சண்டை. "நல்லா கெட்டியா இருக்கிற பூச்சை எதுக்குங்க உடைக்கிறீங்க?" விரலை மடக்கி அந்தப் பூச்சைத் தட்டச் சொல்வேன். தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை டொப் டொப் என்று வெற்றுச் சத்தம் வரும். மேலே போகப் போகச் சத்தம் இறுகும். வெற்றுச் சத்தம் வந்த இடத்தில் உளியை வைத்து ஒரு பலகை அளவுக்குப் பெயர்த்தால் பூச்சு அப்படியே வந்துவிடும். பின்னால் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான செந்தூள் கொட்டும். கையில் எடுத்துப் பிசைந்தால் புட்டுமாவுப் பதம். பூச்சின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்.

நடப்பது இதுதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை எதுவும் இல்லை. மண்ணிலிருந்து ஓதம் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. ஏறிய ஈரம் அந்த வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். பூச்சு கொஞ்சம் உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்வார்கள். உதிர்வதற்காகவே போட்ட பூச்சு அது. செங்கல்லுக்குப் பதிலாகத் தான் சாகும். அதன் இடத்தில் சிமென்ட் பூசினால், அடிக்கிற வெயிலில் ரெயின்கோட் போட்டவன் கதைதான். ஈரம் வெளியே வர முடியாமல் இன்னும் மேலே ஏறும், செங்கல்லுக்குள்ளேயே உப்பு படியும், படிந்து விரியும், கல் தூளாகும். அதன் மேல் எமல்ஷன் பெயின்ட் வேறு அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சிமென்ட் மேல் எனக்கு விரோதம் கிடையாது. அதில் கட்டிய ஷெட்டுகளில் சம்பாதித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சிமென்ட் வீட்டுக்குச் சிமென்ட் போடுங்கள். காரை வீட்டுக்குப் போடாதீர்கள்.

பெயர்த்த சுவரை உடனே பூசுவதும் கூடாது. ஒரு கோடையாவது அப்படியே காய விட வேண்டும். தூளான கற்களை ஒன்றிரண்டாக எடுத்துவிட்டு, இடிந்த வீடுகளிலிருந்து வாங்கி வைத்த அதே அளவு மெல்லிய செங்கல்லைச் சொருகி அடைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பங்குனியில் சுவரை உரித்துப் போட்டுவிட்டு ஆடிவரை திரும்பிப் பார்க்காத ஒப்பந்தக்காரனை யார் நம்புவார்கள்?

அந்த இடைவெளியில் சுண்ணாம்பு வேலை நடக்கும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீற்றி, தண்ணீர் மூடி நிற்கிற மாதிரி வாரக்கணக்கில் விட்டுவிடுவோம். நாள் ஆக ஆக வெண்ணெய்ப் பதம் கூடும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கு நல்ல வேலைக்கென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலுக்குப் பெயர் உண்டு. கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்போம். கடுக்காயின் துவர்ப்பு கலவையை இறுக்கும், வெல்லம் குழைவைத் தரும் என்பது மேஸ்திரியின் விளக்கம். என்னோடு இருக்கும் மேஸ்திரி காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். வயது எழுபதைத் தொடும். வாளியில் கைவிட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஊறல் போதுமா என்று சொல்வார். ஒரு தடவை சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்றேன். "அனுப்பு தம்பி. அவன் காயிதம் வர்றதுக்குள்ள நான் பூசி முடிச்சிருப்பேன்" என்றார். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகுகிறது. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. ஆகவே மெல்லிசாகப் பூச வேண்டும், ஒரு பூச்சு ஆறிய பின் அடுத்தது, இடையில் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற பொருள் அல்ல.

கூரைக்கு வருகிறேன். இங்கே இரண்டு வகை. கொஞ்சம் வசதியானவர்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு ஓடு.

மெட்ராஸ் டெரஸைப் போல, பார்த்தால் எளிதாகவும் போட்டால் கடினமாகவும் இருக்கும் வேலை வேறொன்று எனக்குத் தெரியாது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டைகள். கட்டைகளுக்கு நடுவே கம்பியோ பலகையோ எதுவும் கிடையாது. மெல்லிய சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்பு தடவி, அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிச் சாய்வுக்கோட்டில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டிய கல் ஒரு நிமிஷம் கையில் நின்றால் போதும், பிறகு தானே நிற்கும். அடுத்த கல் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிறபோது முதலில் சத்தம் மந்தமாக இருக்கும். இறுக இறுகக் கணீரென்று மாறும். கட்டை மேலெழும்பித் துள்ள ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

இந்தத் தளம் ஒழுகினால் மேலே இன்னொரு அடுக்கு சிமென்ட் கான்கிரீட் போடுவது ஊர் வழக்கம். கட்டைக்குக் கூடுதல் சுமை, ஒழுகலும் நிற்காது. நான் செய்வது, ஒழுகும் இடத்துக்கு மேலே தட்டோட்டை மட்டும் கழற்றி, சரிவு எங்கே குழிந்திருக்கிறது என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. பெரும்பாலும் குற்றவாளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான். அல்லது, தண்ணீர் இறங்கும் துளையின் வாயில் முளைத்த அரசங்கன்று. அரசங்கன்றைப் பிடுங்குவதில் பயனில்லை. வேர் இருக்கும்வரை அது மறுபடி வரும். சுற்றியுள்ள நாலைந்து கல்லைக் கழற்றி வேரோடு எடுத்து, மறுபடி வைத்துக் கட்ட வேண்டும். கீழே கட்டைகளின் நுனிகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடங்களைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பேன். தேக்கின் உடல் இரும்பு மாதிரி நிற்கும். சுவருக்குள் இருக்கும் ஒரு முழம் மட்டும் செல்லரித்து மெத்தென்று இருக்கும். கட்டையையே மாற்றத் தேவையில்லை. கெட்ட நுனியை அறுத்துவிட்டு, ஆசாரியிடம் பழைய தேக்கில் ஒட்டு வைத்து இணைத்து, சுவருக்குள் நுனியைச் சுற்றிக் காற்றோட இடம் விட்டு வைத்தால் போதும்.

ஓட்டு வீட்டுக்குப் பிரச்சினை வேறு. அது குரங்கு. நாட்டு ஓட்டை யாரும் இப்போது செய்வதில்லை. இடிக்கிற வீட்டிலிருந்துதான் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்கிறேன். வருஷாவருஷம் சித்திரை வைகாசியில் ஆள் ஏறி, உடைந்ததை எடுத்து, நகர்ந்ததைச் சரிசெய்து மேய்ந்தால் போதுமான கூரை அது. குரங்கு வரத்து உள்ள தெருவில் அந்த மேய்ச்சல் ஒரு வாரம் தாங்காது. அங்கெல்லாம் மங்களூர் ஓட்டுக்கு மாற்றிவிடுகிறேன். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் சூளை வைத்து ஆரம்பித்த சரக்கு. ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்பதால் அத்தனை லேசில் நகராது. பழமை விரும்பிகள் சிலர் இதற்காக என் மேல் கோபப்பட்டார்கள். குரங்கை அவர்கள் பார்த்துக்கொண்டால் நாட்டு ஓட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் இன்னும் ஜெயிக்காத ஒரு சண்டை, ரோட்டோடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரின் மேலேயே போடுவதால் தெரு ஏறிக்கொண்டே போகிறது. மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன், ரோடு வேலை நடக்கும்போது காட்டுவதற்கு. தெரு உயர்ந்துவிட்ட வீட்டில் ஜலதாரையின் ஓட்டத்தைத் திருப்பி, கொல்லைப் பக்கம் உறைகிணறு இறக்கி அதில் விடுகிறேன். பழைய கிணறு இருந்தால் இன்னும் நல்லது. வடிகட்டி வைத்து அதிலேயே விட்டுவிடலாம்.

இவ்வளவும் செய்து யாருக்கு என்பதுதான் கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டின் பல ஊர்களில் இடிக்க இருந்த வீடுகளைக் கல் கல்லாகக் கழற்றிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1996-ல் திறந்தார்கள். என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன், மூட்டு எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடமில்லை. புதுச்சேரியில் வைசியாள் வீதியையே ஒரு தெருவாகச் சீரமைத்து, 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கினார்கள். அங்கே கடல் இருக்கிறது, பயணிகள் வருகிறார்கள், வீடு ஓட்டலாகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு வருவார்கள், ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு வருவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் காஞ்சிபுரம் போய்விடுவார்கள். இங்கே ராத்திரி தங்குவது தொழிலாளி மட்டும்தான். ஆகவே அவனுக்குப் பொருந்தாத வீட்டை எத்தனை அழகாகச் செப்பனிட்டாலும் அது மறுபடி பூட்டிக்கொள்ளும்.

அவனுக்கு இந்த வீடு பொருந்தும் என்று எனக்குக் காட்டியது பகல் தூக்கம். மூன்று ஷிப்ட் ஓடும் ஊர் இது. ராத்திரி ஷிப்ட் முடித்தவன் ஏழு ஏழரைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, எதையோ சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிவரை தூங்கியாக வேண்டும். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட லைன் வீட்டில் அது நடக்கிற காரியமா? பத்து மணிக்கே கூரை சுட ஆரம்பித்துவிடும். கான்கிரீட் தளம் போட்ட அறையும் மத்தியானத்துக்குமேல் அதே கதிதான். தூக்கம் கெட்ட ஆள் மறுநாள் ராத்திரி ப்ரெஸ் மெஷினில் கைவிட்டு வேலை செய்கிறான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். காரை வீட்டின் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வெயில் உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும். அது உள்ளே வந்து சேரும்போது சாயங்காலம், இவன் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பான். நெல் கொட்டி வைத்த அந்த இருட்டு அறையை, ஜன்னல் இல்லை, வாடகை போகாது என்று புரோக்கர்கள் ஒதுக்குவார்கள். நான் அதன் உச்சியில் முற்றத்தைப் பார்த்து ஒரு சின்னக் காற்றுத் துளை மட்டும் திறந்து, அதைத்தான் முதல் அறையாகக் கொடுக்கிறேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் அதில் இருக்கிறான். "அண்ணா, இதுல படுத்தா மணி என்னன்னே தெரியல. அலாரம் வெக்கலன்னா ஷிப்டே போயிடும்" என்று குறையாகச் சொன்னான்.

2024-ல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி ஒன்றை முதலமைச்சர் திறந்துவைத்தார். 18,720 பெண்கள் தங்கலாம், செலவு 706 கோடிக்கு மேல். அந்த அளவுக்குத் தேவை இருக்கும் இடத்தில் என் ஓட்டு வீடுகள் சுண்டைக்காய். இருந்தாலும் எல்லோரும் விடுதியில் இருக்க மாட்டார்கள். கல்யாணமானவர்கள் இருக்கிறார்கள், ஒரே ஊரிலிருந்து வந்து சேர்ந்து சமைத்துச் சாப்பிட நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முற்றமும் கிணற்றடியும் உள்ள வீட்டை, தலைக்கு இவ்வளவு என்றில்லாமல், வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்த வாடகைக்கு விடச் சொல்கிறேன். எத்தனை பேர் இருக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வருமானம் போர்ஷன் வெட்டிய காலத்தைவிடக் குறைவுதான். அதை மறைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு செலவு வைக்காத வீடு அது.

புதுக் குடித்தனத்துக்காக வீட்டை மாற்றும்போது சில விஷயங்களில் நான் இறங்கி வருவதில்லை. ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் ஒரு டன் எடை. அது டெரஸ் மேல் ஏறக்கூடாது. கொல்லையில் தனி இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல்தான். கக்கூசும் குளியலறையும் கொல்லையில், வீட்டுச் சுவரைத் தொடாமல். ஒயரிங்குக்காகச் சுவரைக் குறுக்கே வெட்டக்கூடாது, மரப்பட்டையில் வெளியே தெரியவே ஓடட்டும். முற்றத்துக்கு மேலே ஷீட் கூடாது. திருட்டுப் பயம் என்றால் கம்பி வலை. ஏசி வைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்ல யார்? அதன் தண்ணீர்க் குழாய் சுவரோரம் சொட்டாமல் ஜலதாரையில் விழ வேண்டும். கரண்ட் பில் பார்த்த பிறகு பலர் அதை ஓட்டுவதில்லை.

எல்லா வீட்டையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்வதில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளி, கடைக்காலும் இறங்கியிருந்தால் இடிக்கச் சொல்லிவிடுவேன். மரத்தையும் ஓட்டையும் செங்கல்லையும் விலை போட்டு வாங்கிக்கொள்வேன். இன்னொரு வீட்டுக்குப் பயன்படும். மனசுக்குக் கஷ்டமான வேலை என்பதால் மேஸ்திரி அன்றைக்கு வரமாட்டார்.

இப்போது கையில் இருப்பது கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு இரண்டுகட்டு வீடு. அதில் தனியாக இருக்கும் மாமி, "ஓட்டை எடுத்துட்டுத் தளம் போட்டுடுங்கோ. மழைக்கு மழை வாளி வெச்சு மாளலை" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். "தளம் போட்டுடலாம் மாமி. மே மாசம் எங்க போய்ப் படுப்பீங்க?" என்றேன். யோசித்துவிட்டு, முன்கட்டை வாடகைக்கு விட்டு அதில் வரும் பணத்தில் கூரையைப் பார்க்கச் சம்மதித்தார். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் கடைசித் தங்கையின் அதிகாரப் பத்திரம் தூதரகத்து முத்திரையோடு வர வேண்டும். அது வந்து பதிவாகும்வரை அந்த உத்திரத்தில் உளி வைக்க எனக்கு உரிமை இல்லை. தார்ப்பாய் கட்ட யார் கையெழுத்தும் வேண்டாம். ஐப்பசிக்கு முன்னால், கிழக்கு ஓரத்தில் ஒழுகும் பகுதிக்கு மட்டுமாவது கட்டிவிடச் சொல்லி ஆளை அனுப்பியிருக்கிறேன். கயிற்றை ஓட்டின் மேல் இழுக்காமல் கைமரத்தில் கட்டு என்றும் சொல்லியிருக்கிறேன்.